நல்ல மரத்திலும் இருந்தது

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஏழு தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. அவற்றை வெட்ட வைத்தது நான்தான். மெஷின் பிடித்தது வேறு ஆட்கள், அவ்வளவே.

மரங்களைச் சுற்றி இன்டர்லாக் கல் பாவி, சாக்கடைக்காக ஒருபக்க வேரையும் அறுத்த மறுவருஷம், கடைசி இரண்டு மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. மூச்சுவிட இடமில்லாத மரம் வேறென்ன செய்யும்? ஆனால் நகரசபைக்கு நோயின் பெயர் வேண்டுமாம். பயிர்நோய் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என்னை அனுப்பினார்கள். முதலமடையில் எங்கள் மாந்தோப்பே இந்த நுனிக்கருகலில் பாதி போயிருந்தது. அதை உண்டாக்கும் பூஞ்சையை முகம் பார்த்தே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு.

காய்ந்த கிளைகளோடு, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மரங்களிலிருந்தும் குச்சி எடுக்க வேண்டும். அதுதான் முறை. நாலாவது மரத்தடியில் இளநீர் விற்கும் அக்கா வழிமறித்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த மரம் நல்லாத்தானுங்க இருக்குது? இதுல எதுக்குங்க கத்தி வெக்கறீங்க?"

"நல்லா இருக்குதுன்னு காட்டறதுக்குத்தானுங்க்கா. உங்க மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. நானாச்சு."

அந்த நிழல் போனால் அவருக்குக் கடை போட வேறு போக்கிடம் இல்லை. அது தெரிந்தும் நானாச்சு என்றேன். இன்றைக்கும் அந்த வார்த்தை கசக்கிறது.

குச்சிகளைச் சீவி, ப்ளீச்சிங் தண்ணீரில் அலசி, உருளைக்கிழங்குக் கஞ்சி உறையவைத்த கண்ணாடித் தட்டுகளில் வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளைப் பஞ்சு பூத்தது. ஒரு வாரத்தில் கரிச்சட்டி அடிபோல் கறுத்தது. வித்து முதிரும்வரை காத்திருந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். பழுப்பு நிறம், நடுவில் ஒரு தடுப்பு, நீளவாக்கில் கோடுகள். எங்கள் தோப்பைத் தின்ற அதே பூஞ்சை.

ஏழு மரங்களின் தட்டிலும் அதுதான் இருந்தது, அக்காவின் மரம் உட்பட.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷம்தான். இந்தப் பூஞ்சை நல்ல மரத்துக்குள்ளும் சத்தமில்லாமல் குடியிருக்கும். மரம் நொந்தால்தான் தலைதூக்கும். அப்படியானால் குற்றவாளி கல்லும் சாக்கடையும்தானே? கல்லைப் பெயர்த்தால் ஐந்து மரமாவது பிழைக்கும். இதைத்தான் ரிப்போர்ட்டாக எழுதினேன். முதல் பக்கத்தில் அட்டவணை: ஏழு மரம், ஏழிலும் 'உண்டு'. விளக்கமெல்லாம் இரண்டாம் பக்கத்தில்.

இரண்டாம் பக்கத்தை எந்த மகராசன் திருப்பிப் பார்த்தான்? ஏழுக்கும் நோய், பயணிகளுக்கு ஆபத்து என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். ஓடிப்போய் அதிகாரியிடம் கத்தினேன். அவர் கோபப்படக்கூட இல்லை. முதல் பக்கத்தை எடுத்து, கீழே இருந்த என் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் கதையில் குரங்குகூட மிஞ்சவில்லை.

வெட்டும் நாளில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலாவது மரமும் விழுந்திருந்தது. வெட்டுமுகம் ஈரமாக, சுத்தமாக இருந்தது. ஒரு கறுப்புக் கறைகூட இல்லை. அக்கா கொதிக்கும் வெயிலில் இளநீர்க் குலைகளுக்கு மேல் நனைத்த சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததெல்லாம் வேர், பூஞ்சை, அட்டவணை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காதுங்க. நீங்க சொல்ற அந்தப் பூஞ்சை நம்ம மரத்துல இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க்கா."

"அப்பறம் வெட்டாம உடுவாங்களா? எம்மேல ஒடிஞ்சு உழுந்திருந்தா என்னங்க ஆகறது? நீங்க பாத்துச் சொன்னீங்களோ, பொழச்சனுங்க."

என்னைக் கும்பிட்டார்.