தொண்ணூற்றொன்பது என்று அடித்தால் அழியும்

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் மூன்று பேராக இருந்தோம். யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் புரோகிராம்களைப் பழுது பார்த்து ஓட வைப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் பிழைப்பு. ஒழுங்காக ஓடும்வரை எங்களை ஒருவரும் நினைக்க மாட்டார்கள்; நின்றுவிட்டால் போனில் வசவு வரும். எனக்கு அதில் ஏகப்பட்ட எரிச்சல்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையும் எங்கள் பொறுப்பில் இருந்தது. அங்கே நோயாளிகளைப் பதியும் அக்கா ஒருநாள், "தப்பா ஏறினத அழிக்க வழியே இல்லையே தம்பி" என்றார். தேதியில் வருடத்துக்கு 99 என்று அடியுங்கள், சாயங்காலம் மூடும்போது அதுவே அழித்துவிடும் என்று இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தேன். அப்போது 1998 பாதி. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் போன் வந்தது. புத்தாண்டுக்குப் பிறகு பதிந்த நோயாளிகள் ஒருவர்கூட கம்ப்யூட்டரில் இல்லையாம். அக்காதான் எதையோ அமுக்கி அழித்துவிட்டார், மாதக் கடைசியோடு வேலையை விட்டு அனுப்பப்போகிறோம் என்றார் மேலாளர்.

போய்ப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. அக்கா 99 என்று சரியான வருடத்தைத்தான் அடித்திருந்தார். என் இரண்டு வரிகள் தினமும் சாயங்காலம் அன்றைய நோயாளிகளைத் துடைத்துப் போட்டிருந்தன. அவற்றைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நம்மள வச்சிருக்கதே இதுக்குத்தான. அந்தப் பொம்பள தலையில போட்டுட்டு வராத. உள்ளத எழுதிக் குடு."

"காண்ட்ராக்ட் போயிரும் அண்ணாச்சி."

"போவட்டும்லே."

எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினார். 'என் கவனக்குறைவால் அழிந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த கடிதம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"செய்யாத தப்ப எதுக்குக்கா எழுதிக் குடுத்தீங்க? பயந்துட்டீங்களா?"

"பயந்துலாம் எழுதல. நான்தான் அழிச்சேன்னு நானே நம்பிட்டேன்" என்றார். "கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னு நீங்கதான தம்பி சொன்னிய."

ஆமாம், சொல்லியிருந்தேன்.