நாய்கள் கண்டு ஓடிய எங்கள் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அடக்கத்தன்று கல்லறையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அன்று சொல்ல வேண்டியதை ஒரு வருடம் மனசுக்குள் சுமந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர், "நாய் கடிச்சா போனாங்க?" என்றுதான் கேட்டார்கள். இல்லை. அக்காவை எத்தனையோ நாய்கள் கடித்திருக்கின்றன. ஒவ்வொரு கடிக்கும் ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டவர் அவர். அவரைக் கொண்டுபோனது இருதயக் கோளாறு. இன்னும் சிலர், "நாயெல்லாம் சோறு தண்ணி இறங்காமக் கிடந்திருக்குமே" என்றார்கள். அதுவும் இல்லை. நாய்களுக்கு எங்கள் அக்காவைக் கண்டாலே ஆகாது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா பிறந்தது தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில். அப்பாவும் அம்மாவும் கொழுந்துக்காட்டில் வேலை. அக்காவுக்கு ஆறு வருடம் பின்னால் நான் பிறந்தேன். அப்பா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. எஸ்டேட்டில் வேலை இருந்தால்தானே வீடு. சட்டி பானை, கட்டில், மாதா படம் எல்லாவற்றையும் ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்கு வந்தோம். அந்த ஜீப்பை ஓட்டி வந்தவர்தான் பிற்பாடு எனக்கு மச்சான் ஆனார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனார். நான் படித்தேன். இதை நான் நினைத்துப் பார்த்ததைவிட மறந்திருந்த நாட்கள்தான் அதிகம்.

நகரசபையில் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போடும் வேலையை ஆரம்பித்தபோது, நாய் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுப் பெண்களிடம் வந்து கேட்டார்கள். கை தூக்கியவர்கள் நிறையப் பேர். பயிற்சியில் வலையைக் கையில் கொடுத்து ஒரு நாயை எதிரே விட்டதும் கூட்டம் கரைந்துவிட்டது. மிஞ்சியது அக்காவும் இன்னும் இரண்டு பேரும். அவர்களுடைய வண்டி பக்கத்துப் பஞ்சாயத்துகளுக்கும் வரும், எங்கள் கம்பம்மெட்டு முக்குக்கும் வரும். அக்காவுக்கு மலையாளத்தில் 'பட்டிச் சேச்சி', அதாவது நாய் அக்கா, என்று பெயர் விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எனக்குத்தான் உடம்பு கூசும். என் மாமனார் வீட்டில், "அக்காவுக்கு நகரசபை சுகாதாரப் பிரிவில் வேலை" என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்யில்லைதான். ஆனால் எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

பிடித்த நாயை ஆப்பரேஷன் முடிந்து காயம் ஆறியதும், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். முதல் மாதத்திலேயே அக்கா ஒரு தவறு செய்தார். பஸ் ஸ்டாண்டுக் கறுப்பனை மார்க்கெட்டிலும், மார்க்கெட்டுக் கறுப்பனைப் பஸ் ஸ்டாண்டிலும் இறக்கிவிட்டார். இரண்டையும் அந்தந்த இடத்து நாய்கள் குதறி எடுத்துவிட்டன. அன்று அக்கா சாப்பிடவே இல்லை. மறுநாள் ஒரு நோட்டு வாங்கினார். அதன் பிறகு வலையை எடுப்பதற்கு முன்னால், பக்கத்துக் கடையில் போய், "இத என்ன சொல்லிக் கூப்பிடுவீக?" என்று கேட்டு, பெயர், இடம், அடையாளம், ஊசி போட்ட நாள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். பெயர் இல்லாத நாய்க்கு அங்கேயே ஒரு பெயர் வைக்கச் சொல்வார். "பேரு வச்சாத்தான் அதுக்கும் ஒரு வீட்டு முகவரி இருக்கும்" என்பார்.

நாய்கள் இதற்கெல்லாம் நன்றி பார்க்குமா? வண்டிச் சத்தம் கேட்டாலே ஏலக்காட்டுக்குள் ஓடி ஒளிந்துவிடும். அக்கா ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாலும் விடாது. முக்குக்கு முக்கு குரைப்பு. ஒரு தடவை பங்குச் சாமியார், "உங்க அக்கா வர்றது எனக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சிரும்" என்று கேலி செய்தார்.

இப்போது ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு நாளுக்கு வருகிறேன். என் மகள் ஜெனிக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செக்போஸ்ட் டீக்கடைக்கு முன்னால் ஒரு நாய் அவள் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நான் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரில் இருந்து ஓடி வருவதற்குள் அக்கா வந்துவிட்டிருந்தார். டீக்கடைக் குழாயடியில் பிள்ளையை உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஜெனி அலறுகிறாள், அக்கா தண்ணீரை நிறுத்தவில்லை. சுற்றிலும் கூட்டம். கையில் கட்டை. நானும் ஒரு கட்டையை எடுத்தேன். கடித்த நாய் டீக்கடைக்குப் பின்னால் விறகு அடுக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. ஆப்பரேஷன் ஆன நாய்க்குப் போடும் அடையாள வெட்டு அதன் காதில் இருந்தது. அக்கா பிடித்து, ஆப்பரேஷன் செய்து, திருப்பிக் கொண்டுவந்து விட்ட நாய். பெயர் அப்பு.

"நீ கொண்டாந்து விட்ட நாய்தான அக்கா என் பிள்ளையக் கடிச்சிருக்கு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

அக்கா நோட்டைப் புரட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நான் மறைக்க மாட்டேன். இதுக்கு வருசாந்திர ஊசி தப்பிப் போச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்தேன். என்னையக் கண்டு காட்டுக்குள்ள ஓடிட்டு. அடுத்த தடவ பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

கூட்டம் கட்டையை ஓங்கியது. அக்கா விறகு அடுக்குக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"அடிச்சுக் கொன்னுட்டா இதுக்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு எப்படிய்யா தெரியும்? பத்து நாள் உசுரோட, நல்லபடியா இருந்துச்சுன்னா இதோட கடியில வெறி இல்லன்னு அர்த்தம். பிள்ளைக்கு இன்னைக்கே ஊசி போட்டுருவோம். நாய நான் பாத்துக்கிடுதேன். தம்பி, கட்டையக் கீழ போடு."

போட்டேன். மச்சான் ஜீப்பில் ஜெனியை அரசு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். காயத்தைச் சுற்றி ஊசி, கையில் ஊசி. அக்கா அப்புவைக் கூண்டில் அடைத்து, கால்நடை டாக்டரிடம் சொல்லிவிட்டு, தன் வீட்டு விறகுக் கொட்டகையில் வைத்தார்.

முதல் நாள் அப்பு சோறு தின்னவில்லை. இரண்டாம் நாளும் தின்னவில்லை. மூலையில் சுருண்டு பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தீனி எடுக்காமல் இருப்பதும் வெறியின் அடையாளம் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். நான் வீட்டுக்குப் போய் ஜெனி தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டாகிவிட்டது, பயமில்லை என்று டாக்டர் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. பிள்ளை டம்ளரை வாயில் வைக்க ஒரு நிமிடம் தாமதித்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

மூன்றாம் நாள் காலையில் போனபோது அக்கா கொட்டகை வாசலில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் திடீரென்று எழுந்தார்.

"லே, எனக்கு இப்பத்தாம்ல தோணுது. இது சீக்கு இல்ல. நான் இருக்கறதுனாலதான் திங்க மாட்டேங்கு. நீ வையி."

"நானா?"

"நீதான். கையக் கூண்டுக்குள்ள விடாத. கம்பால தட்டத் தள்ளு. நான் அடுப்படிக்குள்ள போயிருதேன்."

என் பிள்ளையைக் கடித்த நாய்க்கு, மத்தித் தலை போட்டுப் பிசைந்த சோற்றை நான் தள்ளி வைத்தேன். அக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பு என்னைப் பார்த்தது. மோந்து பார்த்தது. பிறகு தட்டை நக்கி வெள்ளையாக்கிவிட்டது. தண்ணீரையும் சளப் சளப்பென்று குடித்தது.

"தின்னுச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தின்னுட்டு அக்கா. தண்ணியும் குடிச்சிட்டு."

கதவுக்குப் பின்னால் அக்கா அழுவது கேட்டது. நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரு கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று அழுதோம். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அப்போதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அக்கா.

அன்று முதல் அப்புவுக்குச் சோறு வைப்பது என் வேலையாயிற்று. பத்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். அப்பு வாலை ஆட்டியது. அக்கா மெதுவாக வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், கூண்டே நடுங்கும்படி உறுமியது. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல தெளிவாத்தான் இருக்கு. என்னைய அடையாளம் தெரியுது பாருங்க" என்றார். ஒரு நாய் உறுமியதைக் கேட்டு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னது அன்றுதான். டாக்டர் ஊசியைப் போட்டார். அப்பு மறுபடியும் டீக்கடை வாசலுக்கே போனது. ஜெனிக்கு இப்போது பன்னிரண்டு வயது. அதே வழியாகத்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறாள்.

அதற்குப் பிறகு அக்கா ஊசி தப்பிய ஒரு நாயையும் அடுத்த தடவைக்கு விட்டதில்லை. மழையில் அட்டைக் கடியோடு ஏலக்காட்டுக்குள் தேடிப் போவார். வேலைக்கு வந்த நாளில் தெருவில் குட்டிகளும் கடிபட்ட பிள்ளைகளுமாக இருந்த முக்கு, அவர் போகிறபோது அமைதியாக இருந்தது. மாமனார் வீட்டிலும் போய், "எங்க அக்கா நாய் பிடிக்கிறவங்க" என்று சொன்னேன். மாமியார், "அது எங்களுக்கு நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே தெரியுமே" என்றார்.

இருதயம் பழுதான பிறகும் படுக்கையில் நோட்டைப் பக்கத்தில் வைத்திருந்தார். கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டு, "அப்புக்கு ஊசி மாசம் வரும்போது பாத்துக்க" என்றார். பிள்ளை இல்லாத அக்காவும் மச்சானும் ஜெனியைத் தங்கள் பிள்ளையாகவே பார்த்தார்கள். அவள் கையைப் பிடித்தபடிதான் அக்கா கண்ணை மூடினார். அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீக்கடையைத் தாண்டியபோது அப்பு எழுந்து நின்றது. ஒரு நிமிடம் மோந்தது. அடுத்த நிமிடம் விறகு அடுக்குக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது. ஜெனி அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வலையைக் கீழே வைக்காமல் இன்றும் வண்டியில் வரும் அவருடைய இரண்டு தோழிகளுக்கும், செபம் சொன்ன பங்குச் சாமியாருக்கும், துக்கத்தின் மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்புக்குப் பதிலாகத் தங்கள் அடுப்பை எரித்த அக்கம்பக்கத்தாருக்கும், கடைசிவரை ஜீப்பை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த என் மச்சானுக்கும் குடும்பத்தின் சார்பில் கை கூப்புகிறேன். உங்கள் வீட்டு, தெரு நாய்களின் ஊசி நாள் அக்காவின் நோட்டில் இருக்கிறது. வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

அக்காவுக்கு ஒரு செய்தி. போன மாதம் வண்டி வந்தபோது அப்பு காட்டுக்குள் ஓடப் பார்த்தது. நான் மத்தித் தலையைக் காட்டிக் கூப்பிட்டேன். என்னை நம்பி வந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன், உன் தோழி ஊசியைப் போட்டுவிட்டார். நோட்டில் தேதியை நானே எழுதினேன்.

இப்போது அப்பு என்னைக் கண்டாலும் ஓடுகிறது, அக்கா.