டாக்டர் மாலினியின் ஐஸ் பெட்டி

டாக்டர் மாலினி இன்று காலை காலமானார். குளுவாங்கிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். இறுதிச் சடங்கு நாளை பிற்பகல், அங்குள்ள குடும்ப வீட்டில்.

மாலினி தம்போய் என்ற ஊரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பாமாயில் தரும் செம்பனை மரத்து வேரின் செல் சவ்வுக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஒரு புரதத்தை உருக்குலையாமல் வெளியே எடுக்கப் பல வருடங்களாக முயன்றுகொண்டிருந்தார். மரத்தின் அடியை அழுக வைக்கும் பூஞ்சையை முதலில் உணர்வது அதுதானோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

பத்திரிகைச் செய்திக்காக முதல் முறை அவரைப் பார்க்கப் போனபோது, "கழுவினா வந்துடாதா?" என்று கேட்டேன்.

"மேல ஒட்டிக்கிட்டு இருக்கிறது உப்புத் தண்ணிக்கே வந்துடும் அண்ணே. இது கொழுப்புக்குள்ளயே குடியிருக்கு. சோப்பு மாதிரி ஒண்ணு போட்டு சவ்வையே கரைக்கணும். கம்மியா போட்டா வராது. கூடிட்டா சுருண்டுடும்... அலமாக், ஐயோ, எத்தனை தடவை சுருண்டிருக்கு தெரியுமா!"

வெளியே வெயில் கொளுத்தும். அவர் மட்டும் குளிர் அறைக்காகத் தடித்த ஜாக்கெட்டோடு வருவார். "டாக்டர், கெந்திங் மலைக்குக் குளிர் காயப் போறீங்களா?" என்பார் வாசல் காவலர். தினமும் அதே கேள்விதான்.

"டிக்கெட் நீங்க எடுங்க, போலாம்."

ஒரு நாள் சாப்பாட்டுக் கடைக்கு ஐஸ் பெட்டியோடு வந்தார். காரில் விட்டுவர மனமில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"பெட்டிக்குள்ள மீனு இருக்கா, மேடம்?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே, புரதம்."

"மீனும் புரதந்தானே லா!"

மாலினி சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது... ஒரு கை மட்டும் பெட்டி மேலேயே இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சவ்வை விட்டு வந்த பிறகு, உள்ளே இருந்த அதே வடிவத்தில்தான் அது நிற்குமா என்று கேட்டேன்.

"அதுதான் அண்ணே எனக்கும் தெரியணும்," என்றார். அப்புறம் சாப்பாட்டை மறந்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

புரதத்தின் வடிவத்தை நுண்ணோக்கியில் படம் எடுக்க மாதிரியைச் சிங்கப்பூருக்கு அனுப்பிய பிறகுதான் அவருக்கு உடம்பு படுத்தியது. போன வாரம் மருத்துவமனையில் பார்த்தேன். நான் நலம் விசாரிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார். "படம் வந்துச்சா? கவிதாகிட்ட கேட்டீங்களா?"

கவிதா அவருடன் வேலை செய்பவர். இன்று கேட்டேன். மாதிரி இன்னும் வரிசையில் இருக்கிறதாம்... சுருண்டதா, நின்றதா, யாருக்கும் தெரியாது.

போய் வாங்க, டாக்டர்.

படம் வியாழக்கிழமை வந்துவிடுமாம்.