‘பாய்லர்’ கேசட்டில் ராசாத்தி

செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரியும் பெண்களில் ராசாத்தியின் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. களத்தின் இந்த மூலையில் அவள் தண்ணீர் கேட்டால், அந்த மூலையில் இருப்பவள் செம்போடு எழுந்துவிடுவாள். மைக் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கியதில்லை.

அவள் புருஷன் உத்திராபதிக்கு எறையூர் கரும்பாலையில் வேலை. ஓய்ந்த நேரத்தில் பாட்டுக் கச்சேரிகளில் டிரம்ஸ் அடிப்பான். எண்பத்தாறாம் வருஷம் அவனுடைய கூட்டாளி செல்லதுரை பெங்களூரிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கிடாரோடு வந்து இறங்கியதும் வினை ஆரம்பித்தது. அங்கே ஒரு ஓட்டலில் வேலை பார்த்தபோது இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டிகளைக் கேட்டுக் கேட்டு, செல்லதுரைக்கு மெதுவான பாட்டே பிடிக்காமல் போயிருந்தது. ஆலையிலிருந்து இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆலையின் கொதிகலனை நினைத்துக் கோஷ்டிக்கு ‘பாய்லர்’ என்று பெயர் வைத்தார்கள். கரும்புச் சக்கையின் மேல் சத்தியம் செய்யாத குறையாக, தமிழில் இதுவரை யாரும் போடாத சத்தத்தில் ஒரு கேசட் போடுவது என்று முடிவாயிற்று.

ஒத்திகை ராசாத்தியின் வீட்டுக் கொல்லையில்தான். முதல் நாளே மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

“எப்படிக்கா இருக்கு?” என்று செல்லதுரை ஆசையாகக் கேட்டான்.

“கரண்டு கம்பியில காக்கா மாட்டுன மாதிரி இருக்கு,” என்றாள் ராசாத்தி. அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

கேசட் பதிவு திருச்சியில். பக்திப் பாட்டுகளாகவே பதிவு செய்துகொண்டிருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவை அன்றைக்குப் பிடித்திருந்தார்கள். உத்திராபதி விடியற்காலையில் கிளம்பும்போது டிரம்ஸ் மூட்டையோடு இன்னொரு சாக்கு மூட்டையும் தூக்கிக்கொண்டு போனான். ராசாத்தி அதைக் கவனிக்கவில்லை. புழுங்கலுக்காக முதல் நாள் ஊறப்போட்ட நெல்லை வேகவைக்க அடுப்பு மூட்டிவிட்டுத் திரும்பினால், அண்டாவைக் காணோம். அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள்தான் சொன்னாள், “ஒங்க வூட்டுக்காரரு சாக்குல சுத்தி பஸ்ஸுல ஏத்துனாரே, நீ பாக்கலயா?”

ஊறிய நெல் காத்திருக்குமா? சாயங்காலத்துக்குள் நாற்றம் எடுத்துவிடும். கட்டிய சேலையோடு ராசாத்தி திருச்சிக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்த ஸ்டுடியோவின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போகக் கூடாது என்று அதற்கு அர்த்தம். வாசல்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் அதைச் சொல்ல ஆளில்லை. உள்ளே கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டேப்பில் மிச்சமிருந்த இடம் அந்த ஒரு பாட்டுக்குத்தான் காணும். செல்லதுரை கண்ணை மூடிக் கிடாரை அலறவிட்டுக்கொண்டிருந்தான். உத்திராபதி ஒரு கையால் டிரம்ஸையும் மறு கையால் கவிழ்த்துப்போட்ட அண்டாவையும் விளாசிக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது.

“யோவ்! நெல்ல ஊறப்போட்டுட்டு ஊரெல்லாம் அண்டாவத் தேடுறேன், இங்க வந்து மோளம் அடிக்கிறியா? எறக்கி வையி! என் அண்டாவ எறக்கி வையி!”

உத்திராபதி அடிப்பதை நிறுத்தப் பார்த்தான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் பழனிவேல், நிறுத்தாதே நிறுத்தாதே என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். நிறுத்தினால் டேப் போச்சு. பயத்தில் அவன் இன்னும் வேகமாக அடித்தான். தன்னை மதிக்காமல் அடிக்கிறான் என்று நினைத்த ராசாத்தி இன்னும் உரக்கத் திட்டினாள். மாமியாரை இழுத்தாள், நாத்தனாரை இழுத்தாள், ஒவ்வொரு சுற்றுக்கும் ‘என் அண்டாவ எறக்கி வையி’ என்று வந்து நின்றாள். கடைசியில் அவளே அண்டாவைப் பிடுங்க, அது கைநழுவித் தரையில் உருண்டு கணகணவென்று சுழன்று ஓய்ந்தது. பாட்டும் சரியாக அங்கேயே முடிந்தது.

பழனிவேல் வெளியே ஓடிவந்தார். “அம்மா, நீங்க யாரு?”

“ம்ம், அண்டாக்காரி,” என்று சொல்லிவிட்டு, அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நெல் தப்பித்தது.

கேசட் வெளிவந்தது. பெரம்பலூரில் கேசட் கடை வைத்திருந்த நடராசன் வெளியே தொங்கவிட்டு விற்றார். வாங்கியவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். “டேப்பு சிக்கிக்கிச்சுங்க, ஒரே கரகரப்பு,” என்றார் ஒருவர். “அது சிக்கல் இல்லீங்க, பாட்டே அதான்,” என்று நடராசன் விளக்கிச் சொல்லி ஓய்ந்துபோனார். உத்திராபதி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். ராசாத்திக்கே பாவமாக இருந்தது. அவள் குரலும் அந்தக் கேசட்டில் இருக்கிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில்தான் அவளுக்குத் தெரிந்தது. அரியலூர் போகும் ஒரு தனியார் பஸ்ஸுக்குள்ளிருந்து அவளுடைய குரலே அவளைத் திட்டுவதுபோல் வந்தது. பஸ்ஸே சேர்ந்து கத்தியது: “என் அண்டாவ எறக்கி வையி!” டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ராசாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“அந்தப் பொம்பள சொல்றதுல என்னங்க தப்பு?” என்று ஜன்னலோரத்தில் ஒருவர் கேட்டார்.

வண்டிக்குப் பின்னால் இருந்தவளுக்கு வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

களத்துப் பெண்கள் அந்த ஒரு பாட்டுக்காகவே கேசட் வாங்கினார்கள். புருஷன் குடித்துவிட்டு வந்தால் போட்டுவிடுவதாக அரும்பாவூரில் ஒருத்தி சொன்னாளாம். மற்ற பாட்டுகளை யாரும் கேட்கவில்லை. செல்லதுரைக்கு அது ஆறாத வருத்தம். ஆனாலும் அரியலூரில் ஒரு விழாவுக்கு ‘பாய்லர்’ கோஷ்டியைக் கூப்பிட்டபோது அவன்தான் முதலில் வந்து நின்றான். “நீயும் வரணும்க்கா. அவங்க கேக்கறதே ஒன்னத்தான்.”

பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ராசாத்தி மேடை ஏறினாள். கிடார் அலறியது. டிரம்ஸ் அதிர்ந்தது. அவள் வாயைத் திறந்தாள். கோபம் வரவில்லை. உத்திராபதி நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவளையே கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் போய் என்னவென்று திட்டுவது?

“ஏங்க... அந்த அண்டாவ...” என்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டத்தில் விசில் கிளம்பியது. முன்வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து, “சத்தமே வரல, கேசட்டுல பேசுனது வேற ஆளு! எறங்குமா கீழ!” என்றார்.

ராசாத்தி மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு மேடையின் ஓரத்துக்கு வந்தாள்.

“யாருய்யா வேற ஆளு? செட்டிகுளத்துலேருந்து பஸ்ஸு மாறி வந்து நிக்கிறேன், ஒக்காந்த எடத்துலேருந்து எறங்குங்கிறியே! நீ ஏறிப் பாருய்யா! ஏறி வந்து பாடிப் பாரு!”

உத்திராபதி அந்தத் திட்டுக்கு நொடியில் தாளம் பிடித்துக்கொண்டான். செல்லதுரையும் தாவிச் சேர்ந்தான். ‘ஏறி வந்து பாடிப் பாரு’ என்று கூட்டம் முழுக்க அந்த மனிதரைப் பார்த்துக் கத்தியது. அவர் முதலில் முறைத்தார், பிறகு தலையைச் சொறிந்தார், முடிவில் எல்லாரையும்விட அவர்தான் பலமாகக் கைதட்டினார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ராசாத்திக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிசுகிசுவென்றுதான் பேச முடிந்தது. “அடுத்த கேசட்டுல நான் திட்ட மாட்டேன். பாடுவேன்.”

“பாடுவியா?” என்றான் உத்திராபதி.

“ஏன், எனக்கென்ன பாட வராதா?”

பாடினாள். நாற்று நடும்போது பாடுகிற மெட்டு ஒன்றை எடுத்து, செல்லதுரையின் அலறலுக்கு நடுவே நிதானமாகப் பாடினாள். பாட்டு முடிந்ததும் பழனிவேல் டேப்பைப் பின்னோக்கி ஓட்டி இன்னொரு தடவை கேட்டார். கேசட் விற்கவில்லை. ஜனங்களுக்குத் திட்டுத்தான் வேண்டியிருந்தது. நடராசன் மீந்ததையெல்லாம் அவள் வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

ராசாத்தி அசரவில்லை. வெங்காயக் களத்துக்கு ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிப் போனாள். தாள் அரிகிற பெண்களை உட்காரவைத்து, ஆள் எழுந்திருக்க விடாமல், முழுக் கேசட்டையும் இரண்டு பக்கமும் கேட்க வைத்தாள்.