ஊர்ப்பக்கம் வைத்த மரப்படி

போன வியாழக்கிழமை மதியம் கலா போன் செய்தாள். விருத்தாசலம் பாசஞ்சரில் பல வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தவள். "போர்ட்டர் அந்தோணிசாமி போய்ட்டாருடி. காலையிலயே அடக்கமும் ஆய்டுச்சாம்" என்றாள். இருவருக்கும் அந்த ஒரு சாயங்காலம்தான் நினைவுக்கு வந்திருக்கும். அந்த வண்டியில் இருந்த உங்களுக்கும் மறந்திருக்காது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கு நம் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் ஆட்கள் பஸ்ஸில் வந்து ரயில் ஏறுகிற சின்ன இடம். இரண்டு தண்டவாளம், ஒரே பிளாட்பாரம். பிளாட்பாரம் கிழக்கே, ஊர் மேற்கே. வெள்ளைக்காரன் காலத்தில் கிழக்கே நிலக்கடலைக் கிடங்கு இருந்ததாம். "மேடைய மல்லாட்ட மூட்டைக்குக் கட்னாங்க, மனுஷனுக்கு இல்லீங்க" என்பார் அந்தோணிசாமி. அதில் இறங்கினால் கோடி வரை நடந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, அரை மைல் சுற்றித்தான் ஊருக்குள் வரலாம். வேலை முடிந்து வரும் யாருக்கு அந்தத் தெம்பு இருக்கும்? எல்லோரும் மறுபக்கம் ஜல்லியில் குதித்து, இன்னொரு தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனோம்.

குதிக்க முடியாதவர்களுக்காக அந்தோணிசாமி, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய சிலிப்பர் கட்டையில் மூன்று படி அடித்து வைத்திருந்தார். தினமும் அதைத் தூக்கி வந்து ஊர்ப்பக்கம் பெட்டியோரமாகப் போடுவார். சட்டப்படி அது தப்பு என்பது அவருக்குத் தெரியும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. பஸ் இல்லை. ஜனங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து நடந்தே வந்து ரயிலில் தொங்கினார்கள். யார் பக்கம் நியாயம் என்று பெட்டிக்குள் ஓயாத பேச்சு. எனக்கு ஏழாம் மாதம். கால் ஒழுங்காகத் தரையைத் தொடுமா என்பது மட்டும்தான் என் கவலை. "அவசரப்படாதீங்கம்மா, நான் புடிச்சிகினுதான் இருக்கேன்" என்று அந்த வாரம் முழுக்க என்னை இறக்கிவிட்டவர் அவர்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் ஊர்ப்பக்கம் ஒரு பிளாட்பாரம் வேண்டும் என்று மனு எழுதினோம். எழுதியது நான், கையெழுத்துப் போட்டது நீங்கள். அடுத்த மாதமே விசாரிக்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் படியை ஒளித்து வைக்கும்படி அந்தோணிசாமியிடம் சொன்னேன்.

"எடுத்து வச்சிட்டா, இங்க ஒருத்தரும் எறங்கறதில்லன்னு எழுதிகினு போய்டுவாருங்க. பாக்கட்டும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வண்டி நின்றது. அதிகாரி பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் நாம் என்ன செய்தோம்? ஒருவர் பின் ஒருவராக, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல, பிளாட்பாரத்தில் இறங்கினோம். பெரும்பாலும் அரசாங்க உத்தியோகம், அபராதம் என்று வந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே இறங்கினேன். திறந்திருந்த எதிர்க்கதவு வழியே அந்தோணிசாமியின் தலை மட்டும் தெரிந்தது.

அதிகாரி நம்மிடம் திரும்பி, "அந்தப் பக்கம் யாராவது இறங்குவீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெட்டிக்குள் ஏறி எதிர்க்கதவில் நின்று, "அப்ப இந்தப் படி யாருக்கு?" என்றார்.

அந்தோணிசாமி அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். பிறகு தலை குனிந்துகொண்டார். "சும்மா வச்சேங்க" என்றார்.

படியைப் பறித்துக்கொண்டார்கள். இரண்டே மாதத்தில் அவரை எங்கோ தூரமாக மாற்றினார்கள். ஊர்ப்பக்கம் பயணிகள் இறங்குவதாகத் தெரியவில்லை என்று மனுவுக்குப் பதில் வந்தது.

வெகுகாலம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். "கொழந்த இன்னா படிக்குது?" என்றுதான் முதலில் கேட்டார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "அத வுடுங்கம்மா. அதிகாரி நின்னா யாருக்குங்க கால் வரும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அகலப்பாதை போட்டபோது ஊர்ப்பக்கமும் பிளாட்பாரம் வந்துவிட்டது. அதற்கும் நம் மனுவுக்கும் சம்பந்தமில்லை. கலா போன் செய்த மறுநாள் அவர் கல்லறையில் பூ வைக்கப் போகும்போது அங்கேதான் ரயில் ஏறினேன்.

அவருடையது என்று என்னிடம் ஒரு பொருளும் கிடையாது. அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கிய பதில் மட்டும் இருக்கிறது. கல்லறையில் யாரும் இல்லாதபோது அதைச் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் முன்னாலும் சொல்கிறேன்: அந்தப் படி எனக்காக வைத்தது.