எனக்கு இரண்டு பனடோல், ஸ்டெல்லாவுக்கு வார்ட்

போன மாதம் என் தங்கை ஸ்டெல்லா காய்ச்சலில் சாகக் கிடந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நாள் பிந்தியது. பிந்தவைத்தது நான்.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவள் பதினொரு நிமிடம் இளையவள். ஒரே முகம், ஒரே குரல்... அம்மாவே ஆள் மாறிக் கூப்பிடுவார். நான் கல்யாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்து இருபது வருடமாகிறது. அவள் இன்னும் கொட்டாஞ்சேனையில், நாங்கள் பிறந்த வீட்டில்.

அந்த வீட்டில் ஒரு ஞானஸ்நான விருந்து, நானும் போயிருந்தேன். அடுத்த கிழமை இருவருக்கும் காய்ச்சல். இரண்டு பனடோல் மாத்திரையும் கொத்தமல்லித் தண்ணீருமாய் மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். ஸ்டெல்லா போனில் முனகினாள்.

“ஏலாமக் கிடக்கடி. ரத்தம் ஒருக்கா செக் பண்ணுவமா?”

“சும்மா இரு. எனக்கும் இதே காய்ச்சல்தான், எழும்பிட்டன். உனக்கும் எனக்கும் ஒரே உடம்புதானே? அதோட உனக்கு டெங்கு முந்தியே வந்து போட்டுது. இனி என்ன பயம்?”

எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

மறுநாள் அவளுக்கும் காய்ச்சல் விட்டது. ‘பார்த்தியா?’ என்று மெசேஜ் வேறு அனுப்பினேன். பின்னேரம் வயிற்றுவலி, வாந்தி, கைகால் சில்லிட்டுப்போனது. அவள் கணவர் அன்ரனின் போன் கோல் வந்தது.

“மச்சாள், கெதியா வாங்கோ. வார்ட்ல போட்டிட்டினம். பிளேட்லெட் இறங்குதாம்.”

கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியில், வாகன நெரிசலில், ஓட்டோ நகரவே இல்லை. கொள்ளுப்பிட்டியில் இறங்கி ஓடினால் என்ன? ஓடினால் மட்டும் என்ன செய்யப்போகிறேன்?

வார்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். என்னைக் கண்ட நர்ஸ் மிஸ்ஸி, கட்டிலை விட்டு ஏன் எழும்பினாய் என்று சிங்களத்தில் அதட்டினார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அங்கேயும் நான்... சேலைன் ஏற்றியபடி, உதடு வெளிறி.

டொக்டர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஒரே மாதிரிப் பிறந்தனாங்கள். ஒரே கிழமை காய்ச்சல். எனக்கு ஏன் ஒண்டும் இல்லை?”

“ஜீன் ஒண்டுதான், அது மாறாது. ஆனா எதிர்ப்புச் சக்தி பிறக்கேக்கையே முடிஞ்ச விஷயம் இல்லை, மிஸிஸ். எங்க இருந்தீங்கள், என்னென்ன கிருமியைக் கண்டீங்கள் எண்டு உடம்பு ஞாபகம் வைக்கும். ரெண்டு பேரும் இருபது வருஷமா வேற வேற இடத்தில எண்டு அன்ரன் சொன்னாரே?”

“அவவுக்கு டெங்கு ஏற்கெனவே வந்ததே. அப்ப எதிர்ப்பு இருக்கத்தானே வேணும்?”

“அதுதான் பிரச்சினை. டெங்குவில நாலு வகை இருக்கு. ஒண்டு வந்த ஆளுக்கு வேற வகை வந்தா, சில நேரம் அந்தப் பழைய எதிர்ப்பே கிருமிக்கு உதவி செய்யும். காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்து.”

நான் தைரியம் சொன்ன இரண்டு காரணமும் பிழை. காய்ச்சல் விட்டதும் ‘பார்த்தியா?’ என்றதுதான் பெரிய பிழை.

என் இரத்தத்தையும் பார்த்தார்கள். எனக்கும் டெங்குதான், அநேகமாக முதல் தரம். “அடுத்த முறை நீங்கள்தான் கவனம்” என்றார் டொக்டர்.

இரண்டு நாள் மணிக்கொரு தரம் பிரஷர் பார்த்தார்கள். சிறுநீரை அளந்தார்கள். அன்ரன் செபமாலையை உருட்டினார், நான் நடந்தேன். மூன்றாம் நாள் பிளேட்லெட் ஏறியது. ஸ்டெல்லா சோறு கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னேன். “நான்தானடி உன்னை மறிச்சனான்.”

“நீ மறிக்கேல்லை. நீ எழும்பிட்டாய் எண்டதும், நானும் எழும்பிடுவன் எண்டு நினைச்சன்.”

அவள் திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

இப்போது யாராவது காய்ச்சல் என்றால் என் கதையைச் சொல்வதில்லை — எத்தனையாவது நாள் என்று மட்டும் கேட்கிறேன்.