இரண்டு வருடம் தள்ளிப்போட்ட பரிசோதனை

1998-ம் வருடம், காப்பிப் பழம் பறிப்பு முடிந்த சமயம். அப்போது மலைமேல் கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். அதற்கு ஐந்து வருடம் முன்பு, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் என் பெருங்குடலில் இருந்த சின்னச் சதை வளர்ச்சி ஒன்றைக் குழாய் விட்டு எடுத்திருந்தார்கள். மூன்று வருடத்தில் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதித் தந்திருந்தார்.

நான் போகவில்லை. இடையில் மனைவி பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டாள். அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அப்புறம் எஸ்டேட் வேலை. தொந்தரவு ஒன்றும் இல்லையே, இதற்கு வேறு அலைய வேண்டுமா என்று அசதியில் விட்டுவிட்டேன். கடைசியில் அவள்தான், குழறும் வாயோடு கேட்டாள்.

"ஏனுங்க, நீங்களும் படுத்துட்டா என்னை ஆருங்க தூக்குவாங்க?"

முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன். இப்போது அவளை விட்டுத் தங்க முடியாது. குடலைச் சுத்தம் செய்யும் உப்புத் தண்ணீரை வீட்டிலேயே சொம்பு சொம்பாகக் குடித்தேன். காலையில் அவளைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்பி சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

மலைப்பாதையில் பாதி இறங்குவதற்குள் வயிறு கலக்கியது. வெட்கத்தை விட்டுக் கண்டக்டரிடம் சொன்னேன். உடனே விசிலடித்து ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். கடைக்குப் பின்னால் ஓடும்போது, ஆபீசுக்கு நேரமாகிறது என்று யாரோ கத்துவது கேட்டது.

"மனுசன் அவஸ்தப்படறாருங்க. அஞ்சு நிமிசத்துல உங்க ஆபீசு ஓடியா போயிரும்?" என்றார் கண்டக்டர்.

திரும்பி வந்தால் கதவோரச் சீட்டை எனக்காகக் காலி செய்து வைத்திருந்தார். அடிவாரம் வருவதற்குள் இன்னொரு முறையும் நிறுத்தினார். முகம் சுளிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது, குடலில் புதிதாக இரண்டு வளர்ந்திருந்தன. ஒன்று பெரியது. எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. "புத்துநோய் இல்லை. ஆனா அதுக்கு முந்தின கட்டம். தொந்தரவு தெரியட்டும்னு காத்திருந்தா கைமீறிப் போயிருக்கும். அடுத்த வருஷம் கட்டாயம் வரணும்" என்றார் டாக்டர்.

வந்து மனைவியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அதன் பிறகு டாக்டர் சொன்ன எந்தத் தவணையையும் நான் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும், என்னை நம்பி ஓர் உயிர் படுத்திருக்கும்போது என் உடம்பை அலட்சியம் செய்ய எனக்கு உரிமையில்லை என்பது அவள் என் கையை விடாத அந்த ஒரு நாளில் புரிந்துவிட்டது.